திறக்கக் கூடாத கியர்பாக்ஸ்

மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த புல்சரிவில் ஏறிக்கொண்டிருந்த புல்வெட்டும் டிராக்டர், பாதி வழியில் இரைச்சலை மட்டும் கூட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சின்னு மிதியை அடிவரை அழுத்தினாள். என்ஜின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. ஒரு மூச்சு நேரம் தயங்கி நின்ற வண்டி மெல்லப் பின்னால் இறங்க ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்தாள். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஆனால் காலைத் தூறலில் நனைந்த புல்லில் பிடிமானம் இல்லை. பூட்டிய சக்கரத்தோடு வண்டி சறுக்கியது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். சரிவு முடியும் இடத்தில் நடைபாதை. அதில் ஒரு சக்கர நாற்காலி. காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவரை ஒரு நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தள்ளிப் போங்க" என்று கத்தினாள் சின்னு. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாளே தவிர அவள் கால் நகரவில்லை. கீழே வெட்டிய புல்லை வாரிக்கொண்டிருந்த அண்ணிதான் வாரியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். சின்னு கத்தியை நிறுத்தும் பொத்தானைத் தட்டிவிட்டு ஸ்டியரிங்கை ஒரே பக்கமாக ஒடித்தாள். வண்டி திரும்பி, ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பி, வேலிச் செடிக்குள் பின்புறமாகப் புகுந்து நின்றது.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னைப் பார்க்க இவ்வளவு அவசரமா யாரும் வந்ததில்லம்மா. பெத்த பிள்ளைங்ககூட."

நர்ஸ் சிரித்துவிட்டாள். சின்னுவுக்கும் சிரிப்பு வந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. செடிக்குள் கிடந்த வண்டியை எதிராளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சின்னு என்பது வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயர். நாற்பதை நெருங்கியும் அது அவளை விட்டுப் போகவில்லை. அண்ணி, அவள் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. இருவரும் சேர்ந்து புல்வெட்டும் தொழில் தொடங்கியபோது, அண்ணியும் நாத்தனாரும் ஒரே தொழிலில் இறங்கினால் புல்லுக்குப் பதிலாகத் தலைமுடிதான் மிஞ்சாது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசியவர்கள் அலுத்துப் போனார்கள், தொழில் நின்று நிலைத்தது. சின்னு வண்டி ஓட்டுவாள், பழுதும் பார்ப்பாள். வாடிக்கையாளர்களிடம் பேசுவது, பில் போடுவது, வாய்ச்சண்டை பிடிப்பதெல்லாம் அண்ணி.

பழைய வண்டியில் சின்னு பிரிக்காத பாகம் கிடையாது. இந்தப் புது வண்டி அப்படியில்லை. அண்ணன் மெக்கானிக்காக வேலை பார்க்கும் கடையில்தான் வாங்கினார்கள். இதில் கியர் மாற்றும் கம்பியே இல்லை. பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பெட்டிக்குள் எண்ணெய்தான் அழுத்தம் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறது. கடையில் அதையும் கியர்பாக்ஸ் என்றே சொன்னார்கள். அதன் மேல் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர்: திறந்தால் வாரண்டி செல்லாது.

வாரண்டி இன்னும் மிச்சமிருந்தது. வண்டிதான் சூடேறினால் சரிவில் இழுக்க மறுத்தது. முதல் தடவை அப்படி ஆனபோதே அண்ணன் கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். கம்பெனி ஆபீசர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்த ஆபீசர் பல ஊர்களுக்கு ஒரே ஆள். அடுத்த வாரம் வருகிறேன் என்பார், அடுத்த வாரமும் அதையே சொல்வார்.

அன்று சாயங்காலம் அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னைக்கு அந்தப் பெரியவர் மேல ஏறியிருந்தா உங்க வாரண்டி வந்து பதில் சொல்லுமா?"

நடந்ததைக் கேட்டு அண்ணன் தங்கையை மேலும் கீழும் பார்த்தான். "அடிபட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. எண்ணெய்தான் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன், அண்ணா. இறக்கிப் புதுசா ஊத்தினா தெரிஞ்சிடும்."

"தொடக் கூடாது." அவன் குரல் உயரவில்லை. "அந்தக் கடையில நின்னுக்கிட்டு வர்றவங்க எல்லார்கிட்டயும் தொடாதீங்க, தொடாதீங்கன்னு சொல்றவன் நான். என் வீட்லயே ஸ்டிக்கரைக் கிழிச்சா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? முதலாளி சும்மா விடுவாரா? ஆபீசர் வரட்டும். அதுவரைக்கும் வண்டி ஷெட்ல நிக்கட்டும்."

"வண்டி நிக்கும். புல் நிக்குமா?" என்றாள் அண்ணி.

மழைக்காலம். புல் ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்தது. சரிவை முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மருத்துவமனை மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார், அதனால் அது மிரட்டலைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் வேலைக்குக் கிளம்பி, அவன் பைக் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

"பிரி" என்றாள்.

"அண்ணி, அண்ணன்..."

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். இன்னும் காத்திருந்தா வேலை போயிடும். அப்படியே ஓட்டினா நீ போயிடுவே. ரெண்டுல எதையும் என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியாது. பிரி."

முன்சக்கரங்களுக்குச் செங்கல் அணை கொடுத்துவிட்டு, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கினார்கள். சக்கரங்களைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள் சின்னு. ஸ்டிக்கர் ஒரு போல்ட்டின் தலைமேல் பாதி ஒட்டியிருந்தது. அதன்முன் அவள் கை நின்றது. அண்ணி குனிந்து நகத்தால் நெருடி ஸ்டிக்கரை உரித்துச் சுருட்டி எறிந்தாள். "உன் கை சுத்தமாவே இருக்கட்டும். கேட்டா நான்தான்னு சொல்லு."

பெட்டி நல்ல கனம். இருவருமாகத் தூக்கி மேடைமேல் வைத்தார்கள். அதற்குக் கீழ்ப்பக்கம் அடைப்பானே இல்லை. மேலே இருந்த துளையைத் திறந்து பெட்டியைக் கவிழ்த்துத்தான் எண்ணெயை இறக்க வேண்டியிருந்தது. அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியைக் கீழே வைத்து மெல்லச் சாய்த்தாள் சின்னு. கறுப்பாக, கருகிய வாசனையோடு எண்ணெய் இறங்கியது. கொஞ்ச நேரத்திலேயே நூலாகி, சொட்டாகி, நின்றும் போனது.

"அவ்வளவுதானா?" என்றாள் அண்ணி.

சின்னு பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் நாலு சொட்டு. வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருந்த அளவில் ஜாடியில் பாதிகூட இல்லை. கசிந்திருக்குமோ என்று பெட்டியின் அடியைத் தடவினாள். விரலில் காய்ந்த தூசிதான் ஒட்டியது. ஷெட் தரையிலும் இத்தனை மாதத்தில் ஒரு கறை விழுந்ததில்லை.

"அண்ணி, இது கசியல. வரும்போதே குறைவாத்தான் வந்திருக்கு. கம்பெனியிலயே சரியா ஊத்தல."

அப்போதுதான் அண்ணியின் போன் அடித்தது. அண்ணன் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு உற்சாகமாக இருந்தது. "ஆபீசர் வந்துட்டார். கடையிலதான் இருக்கார். சாப்பிட்டதும் நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். வண்டி அப்படியேதானே இருக்கு? யாரும் தொடலியே?"

அண்ணி மேடைமேல் கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "ம்" என்றாள். அண்ணன் போனை வைத்துவிட்டான்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாட்டிடலாம்" என்றாள் சின்னு. "புது எண்ணெயை ஊத்தி, மாட்டி, ஸ்டிக்கரையும் தேடி ஒட்டிட்டா..."

"ஓடுமா?"

"உள்ள காத்து நிக்கும். அதை எடுக்க நேரமில்ல. பார்வைக்கு மாட்டியிருந்தா போதும்."

சின்னு எண்ணெயை ஊற்றி மூடினாள். அண்ணி குப்பைக்குள் மண்டியிட்டு ஸ்டிக்கரைத் தேடி எடுத்து, தொடைமேல் வைத்து நீவிப் பார்த்தாள். அது சுருண்டு சுருண்டு வந்தது. பெட்டியைச் சுமந்து வண்டிக்கு அடியில் கொண்டுபோனார்கள். அண்ணி ஒருக்களித்துப் படுத்து இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடிக்க, சின்னு போல்ட்டுத் துளையைத் தேடினாள். எண்ணெய்க் கையில் போல்ட் வழுக்கியது. முதல் போல்ட் மரையில் ஏறவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். வெளியே ஏதோ ஒரு வண்டி சத்தம் கேட்டு இருவரும் உறைந்தார்கள். அது கடந்து போனது.

"கொஞ்சம் மேல தூக்குங்க, அண்ணி. இன்னும் கொஞ்சம்."

சின்னு வண்டியின் சட்டத்தைத் தோளால் முட்டி நகர்த்தினாள். ஜாக்கி முனகியது. அவள் அதைக் கேட்ட அதே நொடியில் ஜாக்கியின் கால் சிமென்ட் தரையில் வழுக்கி, மொத்தப் பின்புறமும் இறங்கியது. மரம் நொறுங்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"அண்ணி."

சின்னு தரையோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணி காலையில் சட்டத்துக்கு அடியில் செருகி வைத்த பழைய மரக்கட்டைமேல் வண்டி உட்கார்ந்திருந்தது. கட்டை பாதி பிளந்திருந்தது. பெட்டி அண்ணியின் மார்பை உரசிக்கொண்டு கிடந்தது. அவள் இரண்டு கைகளும் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த சந்துக்குள் இருந்தன.

"விரலை அசைங்க, அண்ணி. அசையுதா?"

"அசையுது" என்றது உள்ளேயிருந்து ஒரு சன்னமான குரல். "நீ முதல்ல தூக்கு."

சின்னு ஜாக்கியை மறுபடி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். சட்டம் ஒரு விரற்கடை எழும்பியதும் அண்ணி கைகளை உருவிக்கொண்டு புரண்டு வெளியே வந்தாள். புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பத்து விரலையும் கண்ணுக்கு நேரே விரித்துப் பார்த்தாள்.

"போதும்" என்றாள். "பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்த என் விரலைக் கொடுக்க முடியாது. பெட்டியை வெளிய எடு. வர்றவங்க பார்க்கட்டும்."

அவர்கள் வந்தபோது பெட்டி மேடைமேல் இருந்தது. பக்கத்தில் ஜாடியில் பழைய எண்ணெய். அண்ணி கைக்குத் துணி சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

அண்ணன் ஷெட்டுக்குள் வரவில்லை. நிலைப்படியில் நின்றபடி மேடையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. கூட்டத்துக்கு நடுவே வேட்டி அவிழ்ந்து நிற்பவன்போல் இருந்தான்.

"யார் பிரிச்சது?" என்று கேட்டார் ஆபீசர். தலை நரைத்த, குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் மனிதர்.

"நான்" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் பையைத் திறந்து டார்ச்சை எடுத்தார். பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். இணைப்புகளில் விரலை ஓட்டினார். ஜாடி எண்ணெயை முகர்ந்து, அதற்குள் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தார். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. சின்னு சரிவில் நடந்ததையும், காலையில் இறங்கிய எண்ணெயின் அளவையும், அதைப் பார்த்தபிறகு தாங்கள் அவசரமாகத் திரும்ப மாட்டப் பார்த்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். "கசிஞ்சிருந்தா இங்கெல்லாம் தூசி சேர்ந்து களிம்பாட்டம் இருக்கணும். இல்ல. எண்ணெய் குறைஞ்சு, சூடேறி, உள்ள தேய்ஞ்சிருக்கு. நான் நம்புறேன்."

"அப்ப வாரண்டி..." என்றாள் அண்ணி.

"நான் நம்புறது வேற, அது வேற. எண்ணெயை இறக்கும்போது நீ பக்கத்துல இருந்தியா, பாதியைக் கீழ கொட்டலைன்னு உனக்கு எப்படித் தெரியும்னு மேலதிகாரிங்க என்னைக் கேப்பாங்க. என்கிட்ட பதில் இல்ல. நேத்து வந்திருந்தா நானே பிரிச்சிருப்பேன்."

"நேத்தும் உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம், சார்" என்றாள் சின்னு.

அவர் டார்ச்சை அணைத்தார். "தெரியும்மா" என்றார்.

பையை மூடப் போனவரை அண்ணனின் குரல் நிறுத்தியது. வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சார். இதுகூட ஒரே லாரியில வந்த வண்டி இன்னும் ரெண்டு நம்ம கடையில நிக்குது. விக்கல. சீல் உடையல. அதைத் திறந்து பாருங்க."

ஆபீசர் திரும்பினார். "உங்க முதலாளி சம்மதிப்பாரா?"

"மாட்டார்."

"அப்புறம் உன் வேலை?"

அண்ணன் சின்னுவைப் பார்த்தான். "அந்த வண்டியில ஒண்ணை வாங்குறவர் தோட்டம் மேட்டுல இருக்கு, சார். நேத்துதான் பேசிட்டுப் போனார். அவரும் சரிவுலதான் ஓட்டுவார்."

கடைக்கு எல்லோருமே போனார்கள். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார்.

"விக்கிற வண்டியைப் பிரிச்சா அதை எவன் வாங்குவான்? உன் தங்கச்சி வண்டியைக் கெடுத்துக்கிட்டா, அதுக்கு என் கடையைக் கெடுப்பியா?"

"நான் திறந்தா சீல் உடைஞ்சதாகாது. திரும்ப நானே வெச்சுடுவேன்" என்றார் ஆபீசர். "கம்பெனி எனக்குக் கொடுத்திருக்கிற அதிகாரம்தான்."

"திறங்க. ஒண்ணும் இல்லைன்னா நாளையிலிருந்து இவன் இங்க இல்ல. அதையும் கேட்டுக்கங்க."

அண்ணன் முதல் வண்டியின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த தகட்டைக் கழற்றி வழிவிட்டான். ஆபீசர் துளையைத் திறந்து, துடைத்த கம்பியை உள்ளே விட்டு எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் இருக்க வேண்டிய குறிவரை கம்பி பளபளத்தது.

"சரியா இருக்கு."

முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டார். "திருப்தியா?"

ஒருவேளை தன் கணக்குத்தான் தப்போ, எங்கேயோ கொட்டியிருக்குமோ என்றுகூடச் சின்னுவுக்குத் தோன்றியது. அண்ணி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். துணிக்குள்ளிருந்த காயம் வலித்திருக்கும், ஆனாலும் பிடியை விடவில்லை.

"இன்னொன்னும் இருக்கு, சார்" என்றான் அண்ணன்.

"ஒண்ணு பார்த்தாச்சு, போதும்" என்றார் முதலாளி.

ஆபீசர் கம்பியைத் துடைத்தபடி நடந்தார். அண்ணன் இரண்டாவது வண்டியின் தகட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் ஒருமுறை நழுவித் தரையில் விழுந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது. கம்பி உள்ளே போனது. வெளியே வந்தது. ஆபீசர் அதைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவையும் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

அவர் கம்பியை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதை வாங்கவில்லை.

"இந்த வண்டியை விக்காதீங்க" என்றார் ஆபீசர். "இதே லாட்டுல வித்த வண்டி யார் யார்கிட்ட இருக்குன்னு எனக்கு இன்னைக்கே வேணும்."

சின்னுவின் வண்டிக்குக் கடைசிவரை வாரண்டி கிடைக்கவில்லை. விற்ற மற்ற வண்டிகளையெல்லாம் கம்பெனி வரவழைத்துச் சோதித்தது. சிலவற்றில் பெட்டியையே மாற்றிக் கொடுத்தது. நீங்கள் திறந்துவிட்டீர்கள் என்று இவர்களுக்கு மட்டும் கையை விரித்தது. ஆபீசர் தானே போன் செய்து அதைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசினார். அண்ணி அவரிடம் சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போனை எடுத்தாள், கடைசியில் இடுப்புக்கு வைத்தியம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

முதலாளியால் அண்ணனை நீக்க முடியவில்லை. ஆனால் பட்டறையிலிருந்து எடுத்து உதிரிபாகம் விற்கும் இடத்தில் உட்கார வைத்தார். அவன் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில்தான் பல நாள் மனைவியிடம் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் அண்ணி நேராகவே கேட்டாள்.

"ஸ்டிக்கரைக் கிழிச்சதுக்கா இவ்வளவு?"

"கிழிச்சது பரவாயில்ல. நான் போன்ல அவ்வளவு சந்தோஷமாக் கேட்டேன். நீ 'ம்'னு சொன்னே. ஆபீசரை வழியெல்லாம் பெருமை பேசிக் கூட்டிட்டு வந்தேன், என் வீட்ல யாரும் தொட மாட்டாங்கன்னு."

"அது தப்புத்தான்" என்றாள். "பயந்துட்டேங்க."

"நீயா?"

"ஏன், நான் பயப்படக் கூடாதா?"

அவன் அவளுடைய கையை எடுத்து, தழும்பாகிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் வழக்கம்போலப் பேச்சு நடந்தது.

கடையில் சோதித்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை வண்டியில் மாட்டியாகிவிட்டது. பின்சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, மிதியை முன்னும் பின்னும் அழுத்தி, உள்ளே நின்ற காற்றையெல்லாம் வெளியேற்றியபோது அண்ணனும் கூட இருந்தான். மறுநாள் சரிவில் சின்னு வண்டியை ஏற்றும்போது அண்ணி நடைபாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி யாரும் வராமல் தடுத்துவிட்டாள். வண்டி முனகிக்கொண்டே ஏறியது. பாதியில் சின்னுவின் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. வண்டி நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பியபோது அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

தேய்ந்தது தேய்ந்ததுதான். வெயில் ஏறினால் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது. அதனால் சரிவுகளைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட்டு, சமதரைகளை மதியத்துக்கு வைத்துக்கொண்டாள். அடுத்த மழைக்காலத்தின் நடுவில், ஒரு பள்ளி மைதானத்தில், ஆபத்தில்லாத இடத்தில் அது ஒரேயடியாக நின்றது.

புதுப் பெட்டியை அண்ணன் தன் கடையிலிருந்தே வாங்கி வந்தான். அட்டைப்பெட்டியை ஷெட்டில் இறக்கி வைத்துவிட்டு, ஸ்பேனரைத் தங்கையிடம் கொடுத்தான்.

"மாட்டுறதுக்கு முன்னாடி திறந்து எண்ணெயைப் பாரு" என்றான்.

"ஸ்டிக்கர் இருக்கே, அண்ணா."

"இருக்கட்டும். பாரு."

அண்ணி அதற்குள் உள்ளே போய்க் கோடு போட்ட ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.